கவரிங் லெட்டர்: பெயரை மறைத்தாலும் உங்களுடையது என்று தெரிய வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

ரெஸ்யூமேயுடன் அனுப்பும் கவரிங் லெட்டரில் என்ன எழுதுவது என்று கேட்டு இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பலர் தாங்கள் அனுப்பிய விண்ணப்பத்தின் நகலையும் இணைத்திருந்தார்கள். எங்கே தடுக்குகிறது என்று பார்த்துச் சொல்ல அது பெரிய உதவி. பதில்களில் வரும் மாதிரிகளைத் தமிழில் தந்திருக்கிறோம். ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசையும் நீளமும் இதேதான். மாதிரியில் உள்ள எண்கள் உதாரணத்துக்கு. அந்த இடத்தில் உங்கள் எண்ணைப் போடுங்கள்.

பி.காம். முடித்து மூன்று வருடமாக ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மதுரையில் அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன். ஓர் இடத்திலிருந்தும் கூப்பிடவில்லை. நான் அனுப்பும் கடிதத்தையும் ஒரு விளம்பரத்தையும் இணைத்திருக்கிறேன். எதை மாற்ற வேண்டும்?
— வாசகி, விருதுநகர்

உங்கள் கடிதத்தில் நான்கு பத்திகள். விளம்பரம் பார்த்து விண்ணப்பிப்பதாக முதல் பத்தி. கடின உழைப்பாளி, நேர்மையானவர், எல்லோருடனும் இணைந்து வேலை செய்பவர் என்று இரண்டாவது. படிப்பும் மதிப்பெண்ணும் மூன்றாவது. வாய்ப்புக் கொடுத்தால் நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன் என்று நான்காவது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அடியில் உள்ள பெயரை மறைத்துவிட்டால் இது யாருடைய கடிதம் என்று சொல்ல முடியாது. மூன்று வருடம் ஆடிட்டர் ஆபீஸில் என்ன செய்தீர்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. உங்களிடம் இருக்கும் பெரிய பலமே அதுதான்.

முதலில் விளம்பரத்தை பிரிண்ட் எடுத்துப் பேனாவால் கோடு போடுங்கள். நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் டாலி பிரைம் (கணக்கு மென்பொருள்), ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி), வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, எக்செல், தகவல் தொடர்புத் திறன் என்று ஆறு விஷயங்கள் கேட்டிருக்கிறார்கள். ஆறுக்கும் பதில் எழுதினால் கடிதம் ரெஸ்யூமே ஆகிவிடும். மேலே இருப்பதும் திரும்பத் திரும்ப வருவதும்தான் அவர்களுக்கு அவசரத் தேவை. இந்த விளம்பரத்தில் ஜிஎஸ்டி மூன்று இடத்தில் வருகிறது. அதை முதலில் எடுங்கள், அடுத்து டிடிஎஸ். மற்றதை ரெஸ்யூமே பார்த்துக்கொள்ளும்.

கடிதத்தைக் கடைசியில் படிக்கப்போவது அக்கவுன்ட்ஸ் மேனேஜர். அவருடைய மாதம் தேதிகளால் ஆனது. 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும், 11க்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 14ஆம் தேதி 2பி (சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) வரும், 20க்குள் 3பி (மாத வரிச் சுருக்கம்). இந்தத் தேதிகளை ஏற்கெனவே சமாளித்துப் பழகியவர் என்று தெரிந்தால் அவர் அடுத்த வரியையும் படிப்பார். அதனால் இப்படி எழுதிப் பாருங்கள்:

"உங்கள் மதுரை அலுவலகத்தின் அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக விருதுநகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 14 வியாபாரிகளின் ஜிஎஸ்டி கணக்குகளைக் கவனித்து வருகிறேன்.

மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டையும் தயார் செய்து தாக்கல் செய்வது என் பொறுப்பு. 2பி வந்ததும் டாலி பிரைமில் உள்ள கொள்முதல் பதிவோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களுக்கு சப்ளையர்களிடம் நானே போனில் பேசி 3பி தாக்கலுக்கு முன் சரிசெய்கிறேன். சென்ற ஆண்டு ஓர் அச்சகத்தின் கணக்கில் ரூ. 1.8 லட்சம் உள்ளீட்டு வரி வரவு விடுபட்டிருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

டிடிஎஸ் பிடித்தம் கணக்கிட்டுச் செலுத்துவதைத் தனியாகச் செய்வேன். காலாண்டு ரிட்டர்னை சீனியரின் மேற்பார்வையில் செய்திருக்கிறேன்.

என் நோட்டீஸ் காலம் 30 நாள். மதுரையில் தங்கி வேலை பார்க்க ஏற்பாடு இருக்கிறது. ரெஸ்யூமேயை இணைத்துள்ளேன். நேரில் வரச் சொன்னால், 20ஆம் தேதிக்குப் பிறகு எந்த நாளும் வர முடியும்."

அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதினால் 150 சொல்லுக்குப் பக்கத்தில் வரும். 200ஐத் தாண்ட விடாதீர்கள். கடின உழைப்பாளி என்ற வார்த்தை எங்கும் இல்லை, ஆனால் சப்ளையருக்கு நீங்களே போன் போட்டுப் பேசுகிறீர்கள் என்பதில் உழைப்பும் இருக்கிறது, விளம்பரம் கேட்ட தகவல் தொடர்புத் திறனும் இருக்கிறது. அச்சகத்தின் பெயரைப் போடவில்லை, கவனித்தீர்களா? கிளையன்ட் பெயரைக் கடிதத்தில் எழுதுபவர் நாளை நம் கணக்கையும் வெளியில் சொல்வார் என்றுதான் எந்த மேனேஜரும் நினைப்பார். டிடிஎஸ் ரிட்டர்னைத் தனியாகச் செய்ததில்லை என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. எல்லாம் தெரியும் என்று எழுதிவிட்டு இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியில் நின்றுபோவதைவிட இது எவ்வளவோ மேல். கடைசி வரியில் 20ஆம் தேதியைச் சொன்னது வேலையின் நெருக்கடியை அறிந்தவர் என்று காட்டும்.

நீக்க வேண்டியவை: அப்பா பெயர், சாதி, மதம், திருமண நிலை, "ஐ ஹியர்பை டிக்ளேர்" என்று தொடங்கும் உறுதிமொழி. உறுதிமொழி பயோடேட்டாவின் அடியில் போடும் பழைய வழக்கம், கடிதத்தில் அதற்கு இடமில்லை.

ஒவ்வொரு கம்பெனிக்கும் புதிதாக எழுத நேரம் ஏது என்று கேட்பீர்கள். ஒரு நோட்டில் நீங்கள் செய்த வேலைகளைப் பத்துப் பன்னிரண்டு வரிகளாக, ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணோடு எழுதி வையுங்கள். விளம்பரத்துக்கு ஏற்ற இரண்டு மூன்று வரிகளை அதிலிருந்து எடுத்தால், முதல் கடிதத்துக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் அடுத்தடுத்தவை இருபது நிமிடத்தில் முடியும்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். வேலை அனுபவமே இல்லாதவன் கடிதத்தில் என்ன எழுத முடியும்? ஓர் அரியர் வேறு இருக்கிறது.
— வாசகர், சேலம்

புராஜெக்ட் இருக்கிறது, இன்பிளான்ட் டிரெயினிங் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் புராஜெக்டின் தலைப்பை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நான்கு பேர் சேர்ந்து செய்ததில் உங்கள் பங்கு எது, எது சரியாக ஓடவில்லை, எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதுதான் படிப்பவருக்கு வேண்டும். உதாரணமாக: "தேங்காய் மட்டை உரிக்கும் இயந்திரம். ஷாஃப்ட், ரோலர் வரைபடங்களை சாலிட்வொர்க்ஸில் நான் போட்டேன். முதல் சோதனையில் சிறிய காய்கள் பிடிபடாமல் நழுவின. ரோலர் இடைவெளியை மாற்றும்படி ஒரு பக்க பேரிங் பிளாக்கில் நீள்துளை கொடுத்தோம். அதற்குப் பிறகு இரண்டு அளவுக் காய்களும் உரிந்தன." புத்தகத்தில் கிடைக்காத விவரம் இது. புராஜெக்டைக் காசு கொடுத்து வெளியில் செய்து வாங்கியிருந்தால் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள். ஏன் இந்த பேரிங், ஏன் இந்த மோட்டார் என்று கேட்டால் தெரிந்துவிடும். அப்படியானால் இன்பிளான்ட் டிரெயினிங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எந்தப் பிரிவில் நின்றீர்கள், எந்தப் பாகத்தை எதை வைத்து அளந்தீர்கள், வெர்னியரா மைக்ரோமீட்டரா.

அரியர் விஷயம். நிலுவை அரியர் கூடாது என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தால் அங்கே விண்ணப்பிப்பது இரு தரப்புக்கும் நேர விரயம். அப்படிப் போடாத இடங்களில் ரெஸ்யூமேயில் படிப்பு வரும் வரியில் "ஒரு பாடம் நிலுவை, தேர்வு அக்டோபரில்" என்று எழுதுங்கள். கவரிங் லெட்டரில் வேண்டாம். எழுதி முடித்துப் பாஸ் ஆகிவிட்ட அரியரை எங்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஐடிஐ மெஷினிஸ்ட். சிஎன்சி ஆபரேட்டராக இருக்கிறேன். எனக்கு ஆங்கிலம் எழுத வராது. எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கடிதமெல்லாம் தேவையா?
— வாசகர், கோயம்புத்தூர்

முறையான கடிதம் தேவையில்லை. ஆனால் சூப்பர்வைசருக்கோ ஹெச்.ஆருக்கோ வாட்ஸ்அப்பில் ரெஸ்யூமே போட்டோவை மட்டும் தட்டிவிட்டு "சார் வேலை இருக்கா" என்று கேட்பதற்கும், அதோடு ஐந்து வரி எழுதுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தமிழிலேயே எழுதுங்கள்:

"வணக்கம் சார். சிஎன்சி டர்னிங் ஆபரேட்டர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். ஐடிஐ மெஷினிஸ்ட், 2020. ஒரே கம்பெனியில் 4 வருடம், ஃபானுக் கன்ட்ரோல். பம்ப் ஷாஃப்ட், 20 மைக்ரான் டாலரன்ஸ். ஆஃப்செட் நானே போடுவேன், இன்சர்ட் மாற்றுவேன், புரோகிராமில் திருத்தம் செய்வேன். புதிதாக புரோகிராம் எழுதத் தெரியாது. நைட் ஷிஃப்ட் சம்மதம். 15 நாளில் சேரலாம்."

இதைப் படிக்கும் புரொடக்ஷன் சூப்பர்வைசருக்கு நீங்கள் லோடிங், அன்லோடிங் மட்டும் செய்பவரா, செட்டிங் வரை போவீர்களா என்பது உடனே விளங்கிவிடும். சம்பளம் முடிவாவதே அந்த இடத்தில்தான். எந்த கன்ட்ரோல் (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர்) என்பதை விடாதீர்கள்; ஃபானுக்கில் பழகியவரை சீமென்ஸ் மெஷினில் நிறுத்தினால் கை பழகச் சில நாள் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், ஷாப் ஃப்ளோர் சத்தத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். வேலை செய்யும் இடத்தின் டிராயிங்கையோ ஜாபையோ படம் எடுத்து அனுப்பாதீர்கள். திறமையைக் காட்டத்தான் அனுப்புகிறீர்கள், ஆனால் அது கம்பெனி ரகசியத்தை வெளியே விட்டதாக ஆகும்.

பி.எஸ்ஸி. கணிதம், பி.எட். நான்கு வருடம் மெட்ரிக் பள்ளியில் வேலை பார்த்தேன். 2019 ஏப்ரலில் பிரசவத்துக்காக விட்டது, அதற்குப் பிறகு போகவில்லை. வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இத்தனை வருட இடைவெளியை எப்படிச் சொல்வது? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
— வாசகி, தஞ்சாவூர்

கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை. உங்கள் வரைவில் "துரதிர்ஷ்டவசமாக" என்றும் "மன்னிக்கவும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் அடித்துவிடுங்கள். குழந்தை வளர்த்ததற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

இடைவெளிக்கு இரண்டு வாக்கியம் போதும்: "2019 முதல் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். இப்போது இருவரும் பள்ளிக்குப் போவதால் முழு நேரமும் பணிபுரிய முடியும்." இதைக் கடிதத்தின் முதல் வரியாக வைக்காதீர்கள், இரண்டாவது பத்தியின் முடிவில் வையுங்கள். முதல் பத்தி நீங்கள் கற்பித்த வகுப்புகளுக்கு உரியது.

தாளாளரோ முதல்வரோ உண்மையில் யோசிப்பது வேறு. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது 2019–20 கல்வியாண்டில். நீங்கள் பள்ளியை விட்டது அதற்குச் சற்று முன். அப்படியானால் புதிய புத்தகத்தை வகுப்பில் நடத்தியதே இல்லை என்று அவர்கள் கணக்குப் போடுவார்கள். அந்தச் சந்தேகத்துக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது, ஆனால் "டியூஷன் எடுக்கிறேன்" என்று இரண்டே சொல்லில் கடந்து போயிருக்கிறீர்கள். விரித்து எழுதுங்கள்: எந்த ஆண்டிலிருந்து புதிய பாடநூலை நடத்துகிறீர்கள், ஆண்டுக்கு எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடத்தில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதற்கு என்ன செய்கிறீர்கள். "ஆயத்தொலை வடிவியலில் சாய்வு கண்டுபிடிக்கும்போது குறி மாறிப் போகிறது. அதனால் சூத்திரத்துக்கு முன்பு வரைபடத் தாளில் நான்கு கோடுகளை வரையச் சொல்லி, எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று அவர்களையே சொல்ல வைக்கிறேன்" என்று எழுதும் ஆசிரியரை எந்த முதல்வரும் நேரில் பார்க்க விரும்புவார். பாஸ் ஆன பிள்ளைகளின் எண்ணிக்கை தெரிந்தால் போடுங்கள், பெயர்கள் வேண்டாம்.

முடிவில் ஒரு வரி: "பத்தாம் வகுப்பு முக்கோணவியலிலோ ஆயத்தொலை வடிவியலிலோ 20 நிமிட டெமோ வகுப்பு எடுக்கத் தயாராக இருக்கிறேன்." எப்படியும் டெமோ கேட்பார்கள். நீங்களே பாடத்தின் பெயரோடு முன்வந்தால் தயக்கம் உங்கள் பக்கம் இல்லை என்று ஆகிவிடும். தனியார் பள்ளிகள் ஜூன் திறப்புக்கு ஆள் தேடுவது மார்ச்சிலிருந்து மே வரை. பிப்ரவரி கடைசியில் அனுப்பிவிடுங்கள். எந்த போர்டு, தமிழ் வழியா ஆங்கில வழியா என்பதையும், டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி இருந்தால் ஆண்டோடு அதையும் மறக்க வேண்டாம்.

கடிதத்தை ஈமெயிலிலேயே எழுத வேண்டுமா, தனி ஃபைலாக இணைக்க வேண்டுமா?
— வாசகர், திருச்சி

தனி ஃபைல் என்று விளம்பரம் கேட்காவிட்டால் ஈமெயிலிலேயே எழுதுங்கள். இணைப்பில் இருக்கும் கடிதத்தை யாரும் திறக்காமலே போகலாம். "ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு" என்று ஒற்றை வரி எழுதிவிட்டு இரண்டு ஃபைல் இணைப்பது நல்லதல்ல.

சப்ஜெக்ட் வரியில் பதவி, ஊர், உங்கள் பெயர், எத்தனை வருட அனுபவம் என்று நான்கும் இருக்கட்டும். விளம்பரத்தில் வேலை எண் கொடுத்திருந்தால் அதை முதலில் போடுங்கள். ரெஸ்யூமே பிடிஎஃப்ஆக, ஒரு எம்பிக்குள். போனில் ஸ்கேன் செய்த பக்கங்களைச் சேர்த்தால் எட்டு, பத்து எம்பி ஆகிவிடும். ஃபைலின் பெயர் உங்கள் பெயரும் பதவியுமாக இருக்கட்டும். "நியூ ஃபைனல் 2" என்ற பெயரில் போனால் அங்கே டவுன்லோட் ஃபோல்டரில் காணாமல் போகும். தமிழில் டைப் செய்பவர்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் வேர்டு ஃபைலாக அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத்தான் தெரியும். யூனிகோடில் டைப் செய்து பிடிஎஃப் ஆக்குங்கள்.

ஒரு கம்பெனிக்கு அனுப்பிய மெயிலை இன்னொன்றுக்கு ஃபார்வர்டு செய்யவே செய்யாதீர்கள். பழைய முகவரி கீழே ஒட்டிக்கொண்டு போகும். முதலில் ஃபைலை இணைத்து, கடிதத்தை எழுதி, கடைசியில் பெறுநர் முகவரியைப் போடுங்கள். இந்த வரிசையில் செய்தால் இணைப்பு இல்லாமல் மெயில் போகும் தவறு நடக்காது. ஆதார், பான், பேங்க் பாஸ்புக் நகல்களை விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டாம். வேலை உறுதியான பிறகு கேட்பார்கள், அப்போது கொடுத்தால் போதும்.

சாட்ஜிபிடியில் எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்களா?
— வாசகி, சென்னை

கண்டுபிடிப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரே வேலைக்கு ஐம்பது பேர் ஒரே மாதிரிக் கேட்டு ஒரே மாதிரி வாங்கி அனுப்புகிறார்கள். உங்களுடையது அந்தக் குவியலில் ஒன்று. "உங்கள் நிறுவனத்தின் புதுமையான சூழலில் பங்களிக்க ஆவலாக உள்ளேன்" என்ற வரி யாருக்கும் எதையும் சொல்லாது.

கவரிங் லெட்டர் எழுதிக் கொடு என்று கேட்காதீர்கள். உங்கள் வேலை விவரங்களை வைத்து நீங்களே தப்பும் தவறுமாக எழுதிவிட்டு, "இலக்கணத்தை மட்டும் திருத்து, புதிதாக எதையும் சேர்க்காதே, எளிய ஆங்கிலத்தில் வை" என்று கேளுங்கள். வந்ததை வரி வரியாகப் படியுங்கள். உங்களுக்குத் தெரியாத மென்பொருளையும் நீங்கள் செய்யாத வேலையையும் தானாகச் சேர்த்துவிடும் பழக்கம் அதற்கு உண்டு. சதுர அடைப்புக்குள் "கம்பெனியின் பெயர்" என்று விட்ட இடம் அப்படியே போய்விடுவதும் நடக்கிறது. பிறகு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கில் வராத சொல் இருந்தால் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் இன்டர்வியூவில் அந்தக் கடிதத்தை எதிரே வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். இப்போது வேலை செய்யும் இடத்தின் கணக்கு விவரம், வாடிக்கையாளர் பெயர் எதையும் அதில் இடாதீர்கள்.

17 வருடம் ராணுவத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றேன். தொழிற்சாலைகளில் ஸ்டோர்ஸ் வேலைக்கு எழுதுகிறேன். பதில் வருவதில்லை.
— முன்னாள் ராணுவ வீரர், வேலூர்

ஐயா, உங்கள் கடிதத்தில் இருக்கும் சுருக்கெழுத்துகளில் பாதி ராணுவத்துக்கு வெளியே யாருக்கும் புரியாது. ஹெச்.ஆரில் இருக்கும் இளைஞர் அதைப் பார்த்து செக்யூரிட்டி வேலைக்கான விண்ணப்பம் என்று எடுத்து வைத்துவிடுவார். உங்கள் அனுபவத்தை அவர்கள் கிடங்கில் புழங்கும் சொல்லில் எழுதுங்கள். லெட்ஜரில் எத்தனை வகைப் பொருட்கள், வண்டி உதிரிபாகமா, துணிமணியா. ரசீது, வழங்கல் தினமும் எத்தனை. ஆண்டுச் சரிபார்ப்பில் இருப்பு ஒத்துப்போனதா. உங்களுக்குக் கீழே எத்தனை பேர். ரேங்க்கை எழுதுங்கள், ஆனால் பக்கத்திலேயே "எட்டுப் பேர் கொண்ட பிரிவுக்குப் பொறுப்பு" என்று சேருங்கள். அந்த எட்டைப் பார்த்துத்தான் அவர்களுக்கு ரேங்க் புரியும். யூனிட் இருந்த இடம், கையாண்ட தளவாடங்கள் பற்றி எதுவும் வேண்டாம்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெரிய கம்பெனிகளில் ஸ்டோர்ஸ் முழுக்க எஸ்ஏபி என்ற மென்பொருளில் ஓடுகிறது. அது தெரியாவிட்டால் மறைக்காதீர்கள். "எக்செலில் இருப்புப் பதிவு செய்வேன், எஸ்ஏபி பழகவில்லை" என்று ஒரு வரி போடுங்கள். முடிந்தால் அடிப்படைப் பயிற்சியில் சேர்ந்துவிட்டு, சேர்ந்த மாதத்தையும் எழுதுங்கள். ஷிஃப்ட் பார்க்கச் சம்மதம், கம்பெனி பஸ் வராத இடத்திலும் தங்கத் தயார் என்பது உங்களுக்குக் கூடுதல் பலம். "நாட்டுக்குச் சேவை செய்த எனக்கு" என்று தொடங்கும் பத்தியை எடுத்துவிடலாம். அந்த மரியாதை உங்களுக்கு என்றும் உண்டு, ஆனால் ஸ்டோர்ஸ் மேனேஜர் தேடுவது மார்ச் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது கணக்கு உதைக்காமல் பார்த்துக்கொள்ளும் ஆளை.

எதிர்பார்க்கும் சம்பளத்தைக் குறிப்பிடச் சொல்கிறார்கள். குறைத்துச் சொன்னால் நஷ்டம், கூட்டிச் சொன்னால் கூப்பிட மாட்டார்கள். என்ன செய்வது?
— வாசகர், திருப்பூர்

கேட்டிருந்தால் எழுதத்தான் வேண்டும். விட்டுவிட்டால் விளம்பரத்தைச் சரியாகப் படிக்காதவர் ஆகிவிடுவீர்கள். கடிதத்தின் கடைசிப் பத்தியில், நோட்டீஸ் காலத்துக்குப் பக்கத்தில், ஒரே வரியில்: "இப்போதைய சம்பளம் ஆண்டுக்கு ரூ. 3.6 லட்சம்; எதிர்பார்ப்பு ரூ. 4.2 முதல் 4.5 லட்சம்." மாதமா ஆண்டா, கையில் வருவதா மொத்த சிடிசியா என்று தெளிவாக இருக்க வேண்டும். பிஎஃப், போனஸ் சேர்ந்த சிடிசிக்கும் கைக்கு வருவதற்கும் மாதம் சில ஆயிரம் வித்தியாசம் வரும். பின்னால் தகராறு வருவதெல்லாம் இதில்தான். பேச்சுவார்த்தைக்கு இடமுண்டு என்று எழுத வேண்டாம். நீங்கள் இரண்டு எண் கொடுத்ததிலேயே அது இருக்கிறது. கேட்காத இடத்தில் சம்பளத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

தொண்டு நிறுவனமொன்றில் திட்ட உத்தியோகத்தர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். சுயவிபரக் கோவையில் எல்லாம் இருக்கும்போது கடிதத்தில் மொழித் திறனையும் எழுத வேண்டுமா?
— வாசகி, யாழ்ப்பாணம்

அந்தப் பதவிக்கு அதுதான் முக்கியம், கட்டாயம் எழுதுங்கள். "மும்மொழியிலும் தேர்ச்சி" என்று பொதுவாக எழுதாமல், எந்த மொழியில் என்ன செய்வீர்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள்: தமிழில் கூட்டம் நடத்துவேன், ஆங்கிலத்தில் மாதாந்த அறிக்கை எழுதுவேன், சிங்களத்தில் பேசுவேன், எழுத வராது. பிரதேச செயலகத்தோடும் கிராம உத்தியோகத்தரோடும் சேர்ந்து செய்த வேலை இருந்தால் எந்தத் திட்டம், எத்தனை குடும்பங்கள் என்று ஒரு வாக்கியம். உறவினர் அல்லாத இருவரைப் பரிந்துரைக்கு எழுதும்போது அவர்களிடம் முதலில் சொல்லிவையுங்கள். தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தால், உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். எழுதாத உறை வேறு கட்டுக்குள் போய்ச் சேரும்.

அனுப்பிய பிறகு போன் செய்து கேட்கலாமா? தொந்தரவு என்று நினைப்பார்களா?
— வாசகர், திருநெல்வேலி

கடைசித் தேதி போட்டிருந்தால் அது முடியும்வரை பொறுங்கள். பிறகு ஏழு வேலை நாள் கழித்து, நீங்கள் முதலில் அனுப்பிய மெயிலுக்கே பதில் போடுவது போல மூன்று வரி: எந்தப் பதவி, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், இன்னும் விருப்பமாக இருக்கிறீர்கள் என்பது. இடையில் புதிதாக ஏதாவது முடித்திருந்தால் அதையும் சேருங்கள். போன் நம்பர் கொடுத்திருந்தால் மட்டும் போன் செய்யுங்கள், காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டரைக்குள். திங்கட்கிழமை காலையும் மாதக் கடைசி இரண்டு நாளும் வேண்டாம். ஒரு முறை கேட்டாயிற்று, பதில் இல்லை என்றால் அந்தப் பதவியை விட்டுவிடுங்கள். அதே கம்பெனியில் வேறு பதவிக்கு விளம்பரம் வந்தால் தயங்காமல் புதுக் கடிதம் எழுதலாம்.

அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் தேதி, கம்பெனி, பதவி, எந்தக் கடிதம் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தையும் அன்றைக்கே பிடிஎஃப்ஆக எடுத்து வையுங்கள். இன்டர்வியூவுக்குக் கூப்பிடும் சமயத்தில் அது தளத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கும், அப்போது அவர்கள் என்ன கேட்டிருந்தார்கள் என்று பார்க்க உங்களிடம் வேறு எதுவும் இருக்காது.